சிவனுக்குக் குடுத்த நாம்பன்

இப்ப எந்தக் கலியாண மண்டபத்துக்குப் போனாலும் கார் விடுற இடத்திலை ஒரு பலகை தொங்குது. "இங்கு நிறுத்தப்படும் வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." வீட்டுக் கேற்றுகளிலை, "நாய் கவனம், கடித்தால் நாம் பொறுப்பல்ல." வீட்டோடை நீச்சல் குளம் கட்டி வைச்சிருக்கிற ஒருத்தர் குளத்தைச் சுத்தி நாலு பக்கமும் எழுதி ஒட்டியிருக்கிறார். அந்தப் பலகையளிலை அரைவாசி நான் எழுதிக் குடுத்தது. நான் ஒரு லோயர். மலையைப் புரட்டுற வழக்கு ஒண்டும் என்ரை கைக்கு வாறேல்லை. வேலி, மதில், நாய், மாடு, இதுகள்தான் என்ரை பிழைப்பு. "பொறுப்பல்ல" எண்ட ஒரு சொல்லை எத்தினை விதமாய்ச் சொல்லலாமோ அத்தினை விதமும் எனக்குத் தண்ணி பட்ட பாடு.

அப்பிடிப்பட்ட எனக்குப் பக்கத்து வீட்டிலை கடவுள் கொண்டுவந்து வைச்ச ஆள்தான் மாமி. சொந்த மாமியில்லை. இணுவிலிலை எங்கடை ஒழுங்கை முழுக்கவும் அவவை மாமி எண்டுதான் கூப்பிடும். செம்மண் தோட்டத்திலை வெங்காயமும் பீற்றூட்டும் போட்டு, ஆள் வைச்சு வேலை வாங்கி, தன்ரை பழைய மொறிஸ் மைனர் காரைத் தானே ஓட்டித் திரிஞ்ச மனுசி. நெடுத்த உருவம், அதைவிட நெடுத்த குரல். புருசன் போஸ்ற் மாஸ்ரரா இருந்து பென்சன் எடுத்தவர். அவரிட்டை நேரம் கேட்டாலும், "உள்ளை மாமி நிக்கிறா, அவவிட்டைக் கேளுங்கோ" எண்டுதான் சொல்லுவார். மாமி போய்ச் சேர்ந்து கொஞ்சக் காலமாச்சு. பலகை எழுதக் குந்துற நேரமெல்லாம் ஆரோ எனக்குப் பின்னாலை நிண்டு எட்டிப் பாக்கிற மாதிரி இருக்கு.

மாமியின்ரை குணத்தை ஒரு சொல்லிலை சொல்லுறதெண்டால், "என்ரை." மற்ற ஆக்கள் சொத்துக்கு என்ரை எண்டு சொல்லுவினம். மாமி சேதத்துக்குச் சொல்லுவா.

நான் முதல் முதல் கார் வாங்கின புதுசு. வெள்ளைக் கார். எங்கடை வளவுக்குள்ளை விட்டால் ஒழுங்கையாலை போறவை காணமாட்டினம் எண்டு வெளியிலை, மாமி வீட்டு மதிலோடை விட்டிருந்தன். மாமியின்ரை தென்னை மரம் மதிலுக்கு மேலாலை ஒழுங்கைக்குச் சரிஞ்சு நிக்கும். ஒரு நாள் காலமை நான் பல்லுத் தீட்டிக்கொண்டு நிக்கிறன், மாமி ஒரு தேங்காயைக் கையிலை தூக்கிக்கொண்டு வந்தா.

"தம்பி, என்ரை தேங்காய் உம்மடை காருக்கு மேலை விழுந்துபோட்டுது."

ஓடிப்போய்ப் பாத்தன். கூரையிலை ஒரு பள்ளம். வயிறு எரிஞ்சுது. ஆனால் படிச்ச மனுசன் பெருந்தன்மையாக் கதைக்க வேணுமெல்லோ?

"பரவாயில்லை மாமி. காத்துக்கு விழுந்தது. சட்டத்திலை இதைக் கடவுளின்ரை செயல் எண்டு சொல்லுவம்."

"கடவுள் மரத்திலை ஏறேல்லை. மரம் என்ரை."

"மரத்துக்குக் கீழை விட்டது என்ரை பிழைதானே?"

"உம்மடை பிழையைப் பற்றி நான் கதைக்க வரேல்லை. காரைத் திறவும்."

அண்டைக்கே காரை மாமி தானே ஓட்டிக்கொண்டுபோய், தனக்குத் தெரிஞ்ச ஒருத்தரிட்டைக் குடுத்து, பள்ளத்தை நிமித்தி நிறமும் அடிச்சுக் கொண்டுவந்து விட்டா. அவர் அடிச்சது வெள்ளை இல்லை, ஒரு மாதிரி மோர் நிறம். மாமியிட்டைச் சொல்லப் பயத்திலை கன காலம் நான் உச்சந்தலையிலை மோர் ஊத்தின காரிலைதான் கோட்டுக்குப் போனனான்.

அவவின்ரை நாய் ஜிம்மியின்ரை கதை இன்னும் விசேசம். ஜிம்மி கடிக்கிற வயதிலை ஒருத்தனைக் கடிச்சது. மாமி அவனைத் தன்ரை காரிலை ஏத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஊசி எல்லாம் போட்டு முடியும் மட்டும் ஒவ்வொரு தரமும் வீட்டை போய் ஏத்தி இறக்கினா. போய் வந்தால் சாப்பாடும் குடுப்பா. இந்தச் செய்தி ஊரிலை பரவிச்சுது. பிறகு ஜிம்மிக்கு வயது போய்ப் பல்லெல்லாம் கொட்டின காலத்திலை, லொத்தர் ரிக்கற் விக்கிற ஒருத்தர் படலையைத் திறந்துகொண்டு வந்து, "அம்மா, உங்கடை நாய் கடிச்சுப்போட்டுது" எண்டு காலைத் தூக்கிக் காட்டினார். ஏதோ கீறின காயம். நான் மதிலாலை எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டனான். விடுவனோ?

"மாமி, ஜிம்மிக்குப் பல்லே இல்லை! உவர் சுத்துறார்!"

மாமி என்னைத் திரும்பியும் பாக்கேல்லை. "வாரும் தம்பி, காரிலை ஏறும்" எண்டு அவரை ஏத்திக்கொண்டு போட்டா. முதல் ஊசிக்கு ஆள் சந்தோசமாய்ப் போனார். பிறகு மாமியின்ரை கார்ச் சத்தம் கேட்டால் பின்வளவாலை ஓடி ஒளிப்பாராம். மாமி விடேல்லை. கடைசியிலை அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, உங்கடை நாயில்லை. தகரம் கீறினது" எண்டு அழுதிருக்கிறார். மாமி சொன்னாவாம், "இருக்கும். ஆனால் நீர் ஜிம்மியின்ரை பேரைச் சொல்லிப்போட்டீர். ஊசியை முடிச்சுக்கொண்டு போம்." அதுக்குப் பிறகு எங்கடை ஒழுங்கையிலை ஆரையும் ஒரு நாயும் கடிச்சதா நான் கேள்விப்படேல்லை.

இது எல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கும். எதிர்ப்பக்கத்திலை நிண்டு பாத்தால்தான் தெரியும் கோதாரி. தனக்கு வைச்ச சட்டத்தைத்தான் மாமி ஊருக்கும் வைப்பா. மாமி வாறா எண்டால் நாய்க்குச் சங்கிலி போடுவினம், பந்தடிக்கிற பெடியள் பந்தை ஒளிப்பினம், மதிலிலை பூச்சாடி வைச்சிருக்கிறவை ஓடிப்போய் இறக்கி வைப்பினம். எனக்கே ஒரு தீபாவளிக்கு நடந்தது.

வாணம் விடுறதிலை எனக்கு ஒரு விசர் இருந்தது. ஆனால் நான் ஆர்? சட்டம் படிச்சவன். முன்னேற்பாடில்லாமல் ஒண்டும் செய்யமாட்டன். ஒரு வாளி நிறையத் தண்ணி, ஒரு வாளி மண், காத்து எந்தப் பக்கம் எண்டு பாக்க ஒரு சால்வையை வேறை கட்டித் தொங்கவிட்டிருந்தன். என்ரை மனுசி வாசல்லை நிண்டு, "ஒரு வாணத்துக்கு இவ்வளவு ஆரவாரமோ?" எண்டு சிரிச்சா. போத்திலுக்குள்ளை வைச்சுக் கொளுத்தினன். அது நேர மேலை போச்சுது, நான் கையைத் தட்டினன், அங்கையிருந்து ஒரு வளைவு வளைஞ்சு மாமி வீட்டு மாட்டுக் கொட்டிலின்ரை கிடுகுக் கூரையிலை போய்க் குத்திச்சுது. நல்ல காலம், மாடுகள் தோட்டத்திலை. கூரை மட்டும் பொசுபொசு எண்டு எரிஞ்சு முடிஞ்சுது.

நான் இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு ஓடினன். மாமி இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு நிக்கிறா.

"மாமி, நான் எல்லா முன்னேற்பாடும் செய்தனான். தண்ணி வைச்சிருந்தனான், மண் வைச்சிருந்தனான், காத்து..."

"வாளியிலை தண்ணி இருந்ததோ எண்டு நான் உம்மைக் கேட்டனானோ?"

"இல்லை மாமி, ஒரு நியாயமான மனுசன் எடுக்கக்கூடிய கவனம் எல்லாம்..."

"வாணம் ஆற்றை?"

"என்ரைதான்."

"அவ்வளவுதான் கேள்வி."

ஆள் பிடிச்சு வேய்ஞ்சு தாறன் எண்டு சொன்னன். ஏற்கமாட்டன் எண்டா. வாணம் விட்டவர்தான் வேய வேணுமாம். ஞாயிற்றுக்கிழமை சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு நான் கொட்டில் முகட்டிலை குந்தியிருந்தன். போஸ்ற் மாஸ்ரர் மாமா கீழை நிண்டு கிடுகு எடுத்துத் தந்தார். வாழ்க்கையிலை கயிறு கட்டத் தெரியாத எனக்கு மாமி கீழை நிண்டு சத்தம் போட்டுப் படிப்பிச்சா. அயலட்டை முழுக்க வந்து வேடிக்கை பாத்தது. ஆரோ ஒரு பேயன் படம் எடுத்து, "எங்கடை லோயர் மேன்முறையீட்டிலை" எண்டு எழுதி முகநூலிலை போட்டுவிட்டான். அடுத்த நாள் கோட்டிலை நீதவான் என்னைப் பாத்து ஒருமாதிரிச் சிரிச்சார். அவர் பாத்திருக்கமாட்டார் எண்டுதான் நான் இண்டைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறன்.

இனி நாம்பனின்ரை கதைக்கு வாறன்.

போஸ்ற் மாஸ்ரருக்கு முழங்காலிலை ஒப்பரேசன் செய்ய வேண்டி வந்தது. மாமி ஒழுங்கை முடிவிலை இருக்கிற சின்னச் சிவன் கோயிலுக்கு நேத்தி வைச்சா. மனுசன் எழும்பி நடந்தால் ஒரு நாம்பன் கண்டு, அதுதான் காளைக் கண்டு, விடுறன் எண்டு. மனுசன் நடந்தார். மாமி தன்ரை கொட்டிலிலை பிறந்த வெள்ளை நாம்பனைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைச்சு, மாலை போட்டுக் கோயிலிலை கொண்டுபோய் விட்டா. ஐயர் தண்ணி தெளிச்சுப் பூசை செய்தார். அண்டையிலையிருந்து அது சிவன்ரை மாடு. கட்டுறதில்லை, அடைக்கிறதில்லை, அடிக்கிறதில்லை. ஊரே அதின்ரை மேய்ச்சல் தரை.

நாம்பன் வளர்ந்துது பாருங்கோ! கோயில் பொங்கலும் வாழைப்பழமும் ஊரார் வீட்டுக் கத்தரித் தோட்டமும் திண்டு, கழுத்திலை திமிலும் கண்ணிலை மையும் வைச்சுக்கொண்டு ஒரு ராசா மாதிரித் திரிஞ்சுது. ஆளை ஒண்டும் செய்யாது. கிழவியள் தொட்டுக் கும்பிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நிக்கும். ஆனால் ஒரு தோட்டத்துக்குள்ளை போட்டுது எண்டால் போனதுதான். தோட்டக்காரன் கோயிலுக்கு முறைப்பாட்டோடை போனால், கோயில் தலைவர், "அது அந்த அம்மா விட்ட மாடெல்லோ?" எண்டுவார். மாலை போட்டுப் படம் எடுக்கேக்கை மட்டும் அது கோயில் மாடு. ஆனால் தோட்டக்காரன் கோயிலாலை வீட்டை திரும்பி வர முன்னமே மாமி கத்தரிக் கண்டுகளோடை அவன்ரை வரம்பிலை குந்தியிருப்பா, நட்டுக் குடுக்க.

"குடுத்த பிறகும் ஏன் மாமி இழுபடுறியள்?" எண்டு நான் ஒருக்கால் கேட்டன்.

"உமக்கு விளங்காது தம்பி. நீர் படிச்சனீர்" எண்டா.

எங்கடை ஒழுங்கையிலை ஒரு தவில்காரர் இருந்தார். எல்லாரும் அவரைத் தவிலண்ணை எண்டு கூப்பிடுவம். இணுவிலிலை தவில் வாசிக்கிறவையின்ரை காதுக்கு முன்னாலை வாசிச்சுப் பேர் எடுக்கிறது லேசுப்பட்ட வேலையில்லை. அவர் எடுத்த மனுசன். வலக்கை விரல் ஐஞ்சிலும் கூடு போட்டுக்கொண்டு அவர் வாசிக்கத் தொடங்கினால், சாமியைத் தூக்கிக்கொண்டு நிக்கிறவையும் பாரத்தை மறந்து தலை ஆட்டுவினம். ஒரு நாள் காலமைப் பூசை முடிஞ்சு தவிலைத் தோளிலை போட்டுக்கொண்டு அவர் தனிய வந்துகொண்டிருக்க, கோயிலுக்கும் எங்கடை வீடுகளுக்கும் இடையிலை நாம்பன் அவரை இடிச்சு மதிலோடை எறிஞ்சுபோட்டுது. தவில் ஒரு பக்கம் உருண்டுது. அவர் வலக்கையை ஊண்டி விழுந்தார். மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு.

முதல் ஓடிப்போனது மாமி. தூக்கிக் காரிலை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் மாமி. டொக்ரர் ஒப்பரேசன் செய்து, கையிலை மாக்கட்டுப் பத்துப் போட்டுச் சொன்னாராம், எலும்பு பொருந்தும், ஆனால் பத்து வெட்டினாப் பிறகு ஒழுங்காப் பயிற்சி செய்யாட்டில் விரல் பழையபடி வராது எண்டு. தவில்காரனுக்கு விரல் வராட்டில் என்ன இருக்கு? வேறை ஒரு தொழிலும் அவருக்குத் தெரியாது. திருவிழாக் காலம் வேறை வரப்போகுது. அவரின்ரை மனுசி எங்கடை வீட்டு வாசலிலை நிண்டு அழுததை நான் கண்ணாலை கண்டன்.

இதிலை ஒரு புதினம். தவிலண்ணை மாமியின்ரை உதவி ஒண்டும் வேண்டாம் எண்டுபோட்டார். "வேண்டாம் அக்கா, நீங்கள் செய்தது காணும்" எண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கோவமாக்கும் எண்டு நான் நினைச்சன். அவரின்ரை மனுசி பொறுக்காமல், கோயிலுக்கு எதிரா மத்தியஸ்த சபையிலை முறைப்பாடு போட்டா. கோயில் தலைவர், மாடு கோயிலின்ரை இல்லை, அந்த அம்மாவின்ரை எண்டு சொல்ல, சபை மாமியையும் வரச் சொல்லிச்சுது.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு உசார். இது என்ரை பாடம்! எங்கடை நாட்டிலை ஒல்லாந்தன் விட்டுட்டுப்போன சட்டம் ஒண்டு இருக்கு. மாடு இடிச்சால், சொந்தக்காரன் கவனமா இருந்தானோ, கட்டி வைச்சானோ எண்டு அது கேக்காது. மாடு ஆற்றை எண்டுதான் கேக்கும். தப்பிப் போறதுக்குப் பெரிசாய் இரண்டே இரண்டு ஓட்டை. ஒண்டு, மாடு என்ரை இல்லை எண்டு காட்ட வேணும். மற்றது, இடிபட்டவர்தான் மாட்டைச் சீண்டினவர் எண்டு காட்ட வேணும். மாமிக்கு இரண்டு ஓட்டையும் திறந்து கிடக்கு எண்டு எனக்குப் பட்டுது. மாடு சிவன்ரை. அதோடை, கிழவியள் தொட்டாலும் பேசாமல் நிக்கிற மாடு, ஒண்டும் செய்யாத ஆளை ஏன் இடிக்குது?

சாட்சி தேடி வெளிக்கிட்டன். கொழுத்துற வெய்யில். ரெயிலர் கடை, பலசரக்குக் கடை, மூலை வீட்டு வாத்தியார், ஒருத்தரையும் விடேல்லை. "அண்டைக்குக் கண்டனீங்களோ? அவர் மாட்டுக்கு ஏதும் செய்தவரோ?" எல்லாரும் கோயிலிலை பொங்கல் திண்டுகொண்டு நிண்டிருக்கினம். ஒரு குருவியும் காணேல்லை. துவரங்காய் மாதிரிக் காய்ஞ்சு வீட்டை வந்தன். மனுசி மோர் தந்துபோட்டு, "மாமி உங்களை வைச்சவவோ வழக்குப் பேச?" எண்டு கேட்டா.

"அயலுக்கு அயல் செய்யிற உதவி" எண்டன்.

"கொட்டில் வேய்ஞ்சது காணாதாக்கும்" எண்டா.

மத்தியஸ்த சபை பள்ளிக்கூடத்திலைதான் நடக்கும். அங்கை லோயர்மார் ஆருக்காகவும் தோன்ற ஏலாது. அதுக்கென்ன, கறுப்புக் கோட்டைக் கழட்டி வைச்சுப்போட்டுக் கறுப்புக் காற்சட்டையோடை போய், மாமிக்குப் பக்கத்து வாங்கிலை குந்தினன். சபைத் தலைவர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருத்தர். நான் எழும்பினதும் கண்ணாடியை இறக்கிப் பாத்தார்.

"நீங்கள் ஆர்?"

"அயல்வீட்டுக்காரன் ஐயா."

"லோயர் எண்டெல்லோ கேள்விப்பட்டன்?"

"இண்டைக்கு அயல் மட்டும்தான்."

பிறகு நான் அடிச்சன் பாருங்கோ ஒரு பேச்சு! நேத்திக்கு விட்ட பொருள் விட்ட நேரத்திலையே சாமிக்குச் சொந்தம். அந்த அம்மாவுக்கு மாட்டிலை ஒரு உரிமையும் இல்லை. உரிமை இல்லாத இடத்திலை பொறுப்பும் இல்லை. நானே என்ரை குரலைக் கேட்டுச் சொக்கிப்போனன். தலைவர் ஆறுதலாக் கேட்டார், "அப்ப சிவனுக்கு அழைப்பு அனுப்பச் சொல்லுறீரோ?"

வாங்கு முழுக்கச் சிரிச்சுது. நானும் சிரிச்சுச் சமாளிச்சுப்போட்டு, இரண்டாவது ஓட்டைக்குப் போனன். "ஐயா, மாடு காரணமில்லாமல் இடிக்காது. இவர் அதைச் சீண்டியிருக்கவும் கூடும்."

தவிலண்ணை தலையைக் குனிஞ்சார்.

"கண்ட சாட்சி இருக்கோ?" எண்டார் தலைவர்.

"தேடினன் ஐயா..."

"இருக்கோ?"

"இல்லை."

"அப்ப இரும்."

நான் இருக்க, மாமி எழும்பினா. எழும்பேக்கை என்னை ஒரு பார்வை பாத்தா. கோவம் எண்டு நினைச்சன்.

"ஐயா, இவர் நல்ல பிள்ளை. ஆனால் பேய்க்கதை கதைக்கிறார். நான் சிவனுக்குக் குடுத்தது மாட்டை. அதின்ரை கொம்பாலை வாற வில்லங்கத்தையும் சேத்து ஆரும் சாமியின்ரை தலையிலை கட்டுவினமோ? அந்த வில்லங்கம் என்ரை. இவரின்ரை கை பழையபடி வரும் மட்டும், அந்தக் கைக்கும் வீட்டுக்கும் வேண்டியது எல்லாம் என்ரை பொறுப்பு. அப்பிடியே எழுதுங்கோ."

கோயில் தலைவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டுது. தவிலண்ணைதான் எழும்பி, "வேண்டாம் ஐயா. அக்காவிலை ஒரு பிழையும் இல்லை" எண்டார். அவரின்ரை மனுசி அவரின்ரை சேட்டைப் பிடிச்சு இழுத்தா.

"பிழையைப் பற்றி ஆர் இஞ்சை கதைச்சது?" எண்டா மாமி. "எழுதுங்கோ ஐயா."

எழுதியாச்சு, எல்லாரும் கையெழுத்து வைச்சாச்சு. இனி அவராலை வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது. வரேக்கை மாமிதான் காரை ஓட்டினா. நான் பக்கத்திலை இருந்து, சபை நீதிமன்றமா இருந்திருந்தால் வெண்டிருப்பன் எண்டு படலை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தன்.

அடுத்தது நாம்பன். குடுத்த நேத்தியைத் திருப்பி எடுக்கிறது தோசம் எண்டு ஐயர் மறிச்சார். மாமி சிவனுக்கு நேர போய் நிண்டு, எங்கள் எல்லாருக்கும் கேக்கச் சொன்னா: "நான் ஒண்டும் திருப்பி எடுக்கேல்லை. மாடு உம்மடைதான். உமக்கு அதைப் பாக்க நேரமில்லை, நான் என்ரை கொட்டிலிலை கட்டிப் பாக்கிறன்." கயித்தைப் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தா. நான் வேய்ஞ்ச கூரைக்குக் கீழைதான் சிவன்ரை மாடு பிறகு நிண்டது. மழைக்கு ஒழுகினது எண்டும் சொல்லத்தான் வேணும்.

பத்து வெட்டினாப் பிறகு தவிலண்ணையின்ரை விரல்களைப் பாக்கப் பயமாய் இருந்தது. மரக்கட்டை மாதிரி. மாமி அவரை ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு ஏத்தி இறக்கினது காணாதெண்டு, பின்னேரங்களிலை தன்ரை குசினியிலை குந்தவைச்சா. முதலிலை புட்டுக்கு மாக் குழைக்க விட்டா. கொஞ்சம் கொஞ்சமா விரல் மடங்கத் தொடங்க, இடியப்ப உரலைக் கையிலை குடுத்தா. மனுசன் பல்லைக் கடிச்சுக்கொண்டு புழிவார். வேர்வை ஒழுகும். "ஏலாது அக்கா" எண்டுவார். "இன்னும் ஒரு தட்டு" எண்டுவா. ஒழுங்கை முழுக்க எல்லா வீட்டுக்கும் பின்னேரம் இடியப்பம் வந்துது. எங்கடை வீட்டிலை மனுசி கொஞ்சக் காலம் இராச்சாப்பாடே சமைக்கேல்லை. முதலிலை தடிச்சு முறிஞ்சு வந்த இடியப்பம், போகப்போக நூல் மாதிரி இறங்கிச்சுது. ஒரு நாள் நான் போகேக்கை, மாவுப் பானையைக் கவிட்டு வைச்சு அதிலை மெல்ல விரலாலை தட்டிப் பாத்துக்கொண்டிருந்தார். மாமி அடுப்புப் பக்கம் திரும்பி நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டா. நான் சத்தம் போடாமல் திரும்பி வந்திட்டன்.

சிவன் கோயில் தேர் அண்டைக்கு அவர் வாசிச்சார். முழுக்க இல்லை, கடைசிப் பகுதி மட்டும். தொடக்கத்திலை கொஞ்சம் தடுமாறினார். பிறகு கை இளகி ஓடிச்சுது பாருங்கோ, சனம் வடத்தைப் பிடிச்சபடி இழுக்க மறந்து நிண்டுது. மாமி தேர்முட்டிக்குப் பக்கத்திலை சீலைத் தலைப்பை வாயிலை வைச்சுக்கொண்டு நிண்டா.

தேர் இருப்புக்கு வந்து சனம் கலைஞ்சாப் பிறகு, நான் மாமி வீட்டிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தன். தவிலண்ணை அருச்சனைத் தட்டோடை வந்தார். தட்டை மாமியின்ரை கையிலை குடுத்துப்போட்டுக் கதிரையிலை இருக்கமாட்டன் எண்டு நிண்டார்.

"அக்கா, ஒண்டு சொல்லாமல் எனக்கு இனி ஏலாது."

"இருந்து சொல்லும்."

"அண்டைக்கு நாம்பன் சும்மா என்னை இடிக்கேல்லை. என்ரை பையிலை பூசை வாழைப்பழம் இருந்தது. அதுக்கு வாயை வைச்சுது. எனக்கு ஏதோ கோவம், தவில் கழியாலை அதின்ரை மூக்கிலை ஓங்கி அடிச்சுப்போட்டன். இரண்டு தரம் அடிச்சன் அக்கா. அதுக்குப் பிறகுதான் அது..."

மாமி தேத்தண்ணியை ஆத்திக்கொண்டு சொன்னா, "மூண்டு தரம்."

எனக்குப் புரையேறிச்சுது.

"நான் செம்பரத்தம்பூப் பிடுங்கிக்கொண்டு படலையடியிலை நிண்டனான். மூண்டாவது அடிதான் அதுக்குப் பொறுக்கேல்லை."

"மாமி!" நான் கத்திப்போட்டன். "நான் சாட்சி தேடி ஒழுங்கை முழுக்க நாய் மாதிரி அலைஞ்சனான்!"

"ஓம், கண்டனான். நல்ல வெய்யில் அண்டைக்கு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் என்னை மட்டும் கேக்கேல்லையே."

உண்மைதான். கட்சிக்காரரிட்டை நடந்தது என்ன எண்டு கேக்கிற பழக்கம் எங்கடை தொழிலிலை குறைவு. கேட்டால் சில வேளை சொல்லிப்போடுவினம்.

"சபையிலையாவது சொல்லியிருக்கலாமே அக்கா," எண்டார் தவிலண்ணை. "பிழை முழுக்க என்னிலை. உங்களுக்கு ஒரு தொல்லையும் வந்திராது."

"சொல்லியிருக்கலாம்" எண்டா மாமி. "பிழை உம்மிலை எண்டு அவை எழுதியிருப்பினம். நான் வீட்டை வந்திருப்பன். இந்தத் தம்பியும் வெண்டனான் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருப்பார். உம்மடை கையை ஆர் பாத்திருப்பினம்?"

அவர் அப்பிடியே நிலத்திலை குந்தி, வலக்கையை மடியிலை வைச்சு இடக்கையாலை பொத்திக்கொண்டு அழுதார். மாமி அவருக்குப் பக்கத்திலை தேத்தண்ணியை வைச்சா. எனக்கும் அழுகை வந்துது. அதைவிட வெக்கம் வந்துது. அந்த ஒரு வழக்கிலை நான் வெண்டிருந்தால் அண்டைக்குத் தேரடியிலை அந்தக் கை வாசிச்சிருக்காது. ஊர் செய்த புண்ணியம், நான் கெட்டிக்காரனா இருக்கேல்லை.